ஒரு கடி கொடுத்துவிட்டுப் போங்கள்

செந்தேரியில் டீக்கடை வைத்திருக்கும் தவசிக்கண்ணுவின் காதுக்குள், ஆடிக் காற்று ஓய்ந்து முடிந்த ஒரு முற்பகலில், பால் பொங்கி வரும் நேரம் பார்த்து ஒரு கொசு வந்து, கொசுக்கள் வழக்கமாகப் பாடுகிற பாட்டைப் பாடாமல், தெளிவாக, நிதானமாக, "லூர்தம்மாள்" என்று சொல்லிவிட்டுப் போனது. தவசிக்கண்ணு திரும்பிப் பார்த்தார். முத்துக்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் லூர்தம்மாள் சற்று முன்புதான் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, புறங்கையைச் சொறிந்தபடி எழுந்து போயிருந்தாள். "அவ இப்பந்தான போனா" என்று கொசுவுக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் பாலை இறக்கினார். பால் வழிந்து அடுப்பு அணைந்திருந்தால்தான் அவருக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முடிவதற்குள் நல்லூரணி, செந்தேரி, முத்துக்கரை ஆகிய மூன்று ஊர்களிலும், பகலில் கடிக்கிற வரிக்கால் கொசுக்கள் எல்லாம் பேசத் தொடங்கிவிட்டன. பேச்சு என்றால் நீளமான பேச்சு இல்லை. கடைசியாக யாரைக் கடித்ததோ அவருடைய பேர், அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கடித்ததும் பழைய பேர் மறந்து புதுப் பேர் வரும். ராத்திரியில் வரும் சாதாரணக் கொசுக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அவை பழையபடி சும்மா ரீங்கரித்துக் கடித்துவிட்டுப் போயின. ஏன் இப்படி ஆயிற்று என்று விசாரிக்க யாருக்கும் நேரம் இல்லை, ஏனென்றால் அதனால் வந்த வில்லங்கங்களைத் தீர்ப்பதற்கே பொழுது சரியாக இருந்தது. தலைமை ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பக்கத்துத் தெருப் பெண்ணின் பேர் கேட்டு அவர் மனைவி இரண்டு நாள் உலை வைக்கவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லாமலே பேரன் பேத்தி எடுத்துவிட்ட பெண்கள், நாலு பேர் இருக்கும் இடத்தில் கொசு அந்தப் பேரைப் போட்டு உடைத்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்கிற ஊருக்கு, இதையும் மரியாதைக்குள் கொண்டுவருவது சிரமமாக இல்லை. "இன்னைக்கு உங்க பேரு எங்க அடுப்படியில வந்துச்சு, சொகமா இருக்கியளா?" என்று தெருவில் கேட்பதும், "நேத்து உங்க வாசல் வழியாத்தான் போனேன்" என்று பதில் சொல்வதும் சீக்கிரமே பழக்கமாகிவிட்டன.

இதில் மெய்யாகவே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் சண்முகவடிவு. அவள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். மூன்று ஊர்களிலும் அந்தக் கோடையிலிருந்தே காய்ச்சல், எலும்பை முறுக்குகிற கொசுக் காய்ச்சல், அணைவதும் பற்றுவதுமாக இருந்ததால், சுகாதாரத் துறைக்காரர்கள் அவளைத் தேடி வந்து, இது எப்படிப் பரவுகிறது, எப்போது நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லக் கேட்டிருந்தார்கள். வடிவு நல்லூரணியில் தன் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, ஊருக்கு ஒன்றாக மூன்று வட்டங்கள் போட்டு, வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறிகள் இழுத்து, குழம்பு கொதிக்கும் நேரத்திலெல்லாம் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு காய்ச்சல்காரர் எழுந்து நடமாடுவதற்குள், கொசுக்களின் புண்ணியத்தில், எத்தனை பேருக்குக் காய்ச்சலைக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் அந்தக் கணக்கின் உயிர். ஒருவருக்கு மேல் போனால் காய்ச்சல் வளரும், குறைந்தால் தானாக அணையும். அதற்கு யாரை எந்தக் கொசு கடித்தது என்று தெரிய வேண்டும், அது உலகத்தில் யாருக்கும் தெரியாது, எல்லோரும் உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். இப்போது கொசுவே வந்து சொல்லிக்கொடுக்கிறது.

கொசுக்கள் பேச ஆரம்பித்ததும் முதலில் உடைந்தது ஒரு பழைய சண்டை. முத்துக்கரைக்காரர்கள் காய்ச்சல் செந்தேரிக் கொசுவால் வருகிறது என்றும், செந்தேரிக்காரர்கள் நல்லூரணிக் கொசுவால் வருகிறது என்றும், நல்லூரணிக்காரர்கள் மீன்கூடையோடு வரும் முத்துக்கரைக் கொசுவால் வருகிறது என்றும் சொல்லி, ஊர் எல்லையில் புகை போட்டுத் தடுக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார்கள். வடிவு ஊர் ஊராகப் போய்க் காது கொடுத்துக் கேட்டாள். எந்த ஊரிலும் கொசு நாலைந்து வீட்டைத் தாண்டவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து அவரவர் வாசலில் நிறைத்து வைத்திருக்கிற ட்ரம்மில் பிறந்து, அந்தத் தெருவிலேயே வாழ்ந்து, அந்தத் தெருவிலேயே செத்தன. வெளியூர்ப் பேர் கேட்ட இடத்திலெல்லாம், அந்த வெளியூர் ஆள் வந்து போயிருந்தார். கொசு பஸ் ஏறவில்லை, ஆள்தான் ஏறினார்.

பஸ் என்றால் ஒரே பஸ்தான். காலையும் மாலையும் மூன்று ஊர்களையும் சுற்றி வருகிற பச்சை நிற மினி பஸ், அதை ஓட்டுகிறவன் குமரேசன், அவன் வடிவின் புருஷன். கல்லூரிக்குப் போகிற வழியில் முன் சீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே போனவள், மேடு பள்ளம் வரும்போதெல்லாம் இவன் வண்டியை உருட்டுவது மாதிரி மெதுவாக விடுவது தன் பேனா கோணாமல் இருப்பதற்காகத்தான் என்று ஒருநாள் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு அவனைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்க அவளால் முடியவில்லை. இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு செய்த கல்யாணம். அப்படிப்பட்டவளும் தாலி ஏறிய நாளிலிருந்து அவன் பேரை வாயால் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, அவளுக்கே வரவில்லை.

கரும்பலகையில் வட்டங்களைச் சேர்க்கும் அம்புக்குறிகள் அந்தப் பஸ்தான். அதை அழித்துவிட்டுக் கணக்கை ஓட்டினால், காய்ச்சல் ஒவ்வொரு ஊரிலும் கொஞ்ச நாள் ஆடிவிட்டுக் களைத்துப் படுத்துவிடும். அம்புக்குறி இருந்தால், ஓர் ஊரில் களைப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போய்த் தெம்பேற்றிக்கொண்டு திரும்பி வரும். வடிவுக்கு இது முதல் வாரத்திலேயே தெரியும். பஸ்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் போதும். ஆனால் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் குமரேசன் குமரேசனாக இருப்பான், அதை எடுத்துவிட்டால் வீட்டுக்குள் கூட்டில் அடைத்த கோழி மாதிரி முடங்கிப் போவான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பலகை முன்னால் நின்றான்.

"இதுல எது வடிவு நம்ம வண்டி?"

"அது பொதுவா ஆளுக போறது வாறதுங்க. வண்டின்னு தனியா ஒண்ணும் இல்ல."

"அப்படியா? நான் என்னமோ நம்ம வண்டியத்தான் கோடு கோடா இழுத்து வச்சிருக்கன்னு நினைச்சேன்" என்று சொல்லி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். வடிவு ரசத்தை இன்னொரு தடவை கொதிக்க விட்டாள்.

எழுதிக் கொடுக்காமல் இருக்க அவளுக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. அம்புக்குறி இருந்தாலுங்கூட, ஒரு கொசு நாளைக்கு இவ்வளவுதான் கடிக்கும் என்று போட்டிருந்த எண்ணின்படி, காய்ச்சல் கொஞ்சம் தாமதமாகவாவது புரட்டாசியில் அடங்க வேண்டும். அதையே நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் காய்ச்சல் அடங்கவில்லை, மூன்று ஊர்களிலும் கணக்கை மிஞ்சி ஏறியது. எங்கோ கடி கூடியிருக்கிறது. எங்கே என்று பார்க்க அவள் ஒரு சனிக்கிழமை குமரேசனின் வண்டியிலேயே ஏறி முத்துக்கரைக்குப் போனாள்.

அங்கே நடந்திருந்தது இதுதான். லூர்தம்மாளின் ஒரே மகள் செலின் நல்லூரணியில் வாக்கப்பட்டவள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது லூர்தம்மாள், "யம்மா, காப்பி குடிச்சிட்ட, சாப்பிட்டுட்ட, இனி ஒரே ஒரு கடி குடுத்துட்டுப் போ தாயி" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டுபோய் வாசல் ட்ரம்முக்குப் பக்கத்தில் நீட்ட வைத்தாள். ஒரு கொசு வந்து கடித்தது. மகள் பஸ் ஏறிப் போன பிறகும் இரண்டு நாளைக்கு லூர்தம்மாளின் அடுப்படியில் "செலின், செலின்" என்று கேட்டுக்கொண்டிருந்தது, அவளும் அந்தக் கொசு இன்னொருத்தரைக் கடித்துவிடக் கூடாதே என்று, தானும் உடம்பை மூடிக்கொண்டு, வீட்டுக்கு யாரையும் சேர்க்காமல் வைத்திருந்தாள். இதைக் கேட்ட ஊர் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே முத்துக்கரையிலிருந்து கிளம்புகிற எந்த விருந்தாளியும் கை நீட்டாமல் பஸ் ஏற முடியாது என்று ஆனது. செந்தேரிக்காரர்கள் தாங்கள் மட்டும் பாசத்தில் குறைந்தவர்களா என்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லூரணியில் சம்பந்தி வீட்டார் கடி கொடுக்காமல் போய்விட்டார்கள் என்று ஒரு நிச்சயதார்த்தமே தடுமாறியது. கொசுவைக் கண்டால் அடிக்க ஓங்கிய கை, முதலில் அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத் தணிந்தது. வந்தவரிடமிருந்து உள்ளூர்க் கொசுவுக்கும், உள்ளூர்க் கொசுவிடமிருந்து அடுத்து வந்தவருக்கும், காய்ச்சல் கௌரவமாகக் கைமாறிக்கொண்டிருந்தது.

முத்துக்கரை பஸ் நிறுத்தத்தில் சிமென்ட் தொட்டி ஓரமாக வரிசையாக நின்று, வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஊருக்குப் போகிறவர்களும் அனுப்ப வந்தவர்களும் கண்ணீரும் சிரிப்புமாகக் கை நீட்டி நிற்பதைப் பார்த்த வடிவுக்கு, தான் போட்டிருந்த எண் எங்கே தப்பியது என்று புரிந்துவிட்டது. கொசுவின் பசியைக் கணக்கில் சேர்த்திருந்தாள், மனுஷரின் பிரியத்தைச் சேர்க்கவில்லை. அவள் ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டிரைவர் சீட்டு ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது.

"அண்ணாச்சி இல்லாட்டா நாங்க எங்க போறது எங்க வாறது, அவிய பேரு எங்க ஊருல எப்பவும் கேக்கணும்லா" என்றாள் லூர்தம்மாள், பெருமையாக. தினம் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு நடைக்கும், அவன் கை நீட்டிக்கொண்டிருந்தான். யார் கேட்டும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

வடிவு திட்டுவதற்காகத்தான் ஜன்னலை நோக்கி நடந்தாள். ஒரு கொசு அவள் காதோரம் வந்து, "குமரேசன்" என்றது. அவள் ஒருநாளும் சொல்லாத பேர், அவள் காதுக்குள் மட்டும், அவ்வளவு கிட்டத்தில். அடிக்கத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. எல்லாம் தெரிந்தவள், கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டவள், அந்தக் கொசு தன் கழுத்தில் உட்கார்ந்து கடித்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு அது "சண்முகவடிவு" என்று சொல்லிக்கொண்டு தொட்டிப் பக்கமாகப் பறந்து போயிற்று.

வீட்டுக்குத் திரும்பியதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள். நாளைக்கு எழுதலாம் என்று எழுந்தாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போயிற்று. வார முடிவில் குமரேசன் காலை நடையை முடித்துவிட்டு, வண்டியை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, இறங்க முடியாமல் ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். தொட்டுப் பார்த்தால் அனல். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அந்தக் காய்ச்சல்தான் என்றார்கள். டாக்டரம்மா வடிவைத் தனியாகக் கூப்பிட்டு, "காய்ச்சல் அடிக்கும்போது பயமில்ல, விட்ட பிறகுதான் ஒண்ணு ரெண்டு நாள் கண்டம். வயித்து வலியோ, பல்லுல ரத்தமோ பாத்தா உடனே பெரியாஸ்பத்திரிக்கு வண்டி ஏத்திருங்க" என்றார். வடிவு தலையாட்டினாள். எழுத வேண்டியதை எழுதியிருந்தால் இவன் இப்படிப் படுத்திருக்க மாட்டான் என்ற நினைப்பு அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

அவனைக் கட்டிலில் போட்டு, பகலென்றும் பாராமல் கொசுவலை கட்டி, நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகினாள். அவன் வலைக்குள்ளிருந்து அடுப்படிச் சுவரைப் பார்த்தான்.

"இப்பமாவது அந்தக் கோட்ட அழிச்சிரு வடிவு. வண்டி ஓட்டுததுக்குத்தான் ஆள் இல்லல்லா."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அம்புக்குறி பூராவும் நம்ம வண்டி போற வழியில போகுது, திரும்பி வருது. இது தெரியாமலா நான் டிரைவரா இருக்கேன்? நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லாம இருந்ததும் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வடிவு பலகையை அழித்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

செய்தி தெரிந்ததும் மூன்று ஊரும் திரண்டு வந்துவிட்டது. பஸ் இல்லாததால் ஆட்டோவிலும் ட்ராக்டரிலும் தொற்றிக்கொண்டு, இளநீரும் பப்பாளி இலையும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். வடிவு கதவைத் திறக்கவில்லை.

"ஒரு தடவ முகத்தக் காட்டக்கூடாதா டீச்சரம்மா? எங்க அண்ணாச்சிலா" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் லூர்தம்மாள்.

"அவிய ரத்தத்துல இப்பக் காய்ச்சல் ஓடுது மதினி. இங்க அவியளக் கடிச்ச கொசு உங்களக் கடிச்சா, அத நீங்க முத்துக்கரைக்குக் கொண்டுட்டுப் போவிய. அங்க உள்ள கொசு உங்களக் கடிச்சு, அப்புறம் உங்களப் பாக்க வாற செலினக் கடிக்கும்."

"அப்ப அவிய பேரு?"

"பேரு வேண்டாம் மதினி. இந்தக் காய்ச்சல் போற வரைக்கும் அவிய பேரு எந்தக் கொசு வாயிலயும் வரக் கூடாது."

லூர்தம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு போனாள். படித்தவள் நெஞ்சு கல் நெஞ்சு என்று ஆட்டோ முழுக்கச் சொல்லிக்கொண்டே போனதாகப் பிறகு தெரிந்தது.

வலைக்குள் இருந்தவனைக் கொசு நெருங்க முடியவில்லை, அவனை முன்பே கடித்திருந்த கொசுக்கள் வேறு ஆட்களைக் கடித்து வேறு பேர் சொல்லப் போய்விட்டன, மிச்சம் இருந்தவை ஆயுசு முடிந்து உதிர்ந்தன. முதலில் முத்துக்கரையில் குமரேசன் பேர் நின்றது. பிறகு செந்தேரியில் நின்றது. எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த பேர் நின்றுபோனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? தவசிக்கண்ணு கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். முத்துக்கரையில் பெண்கள் தெருவில் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். ஒரு மத்தியானம் வடிவின் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. செந்தேரி முக்கில், குமரேசன் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிற போட்டோவுடன், 'கண்ணீர் அஞ்சலி' என்று ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். வடிவு போனைச் சட்டென்று கவிழ்த்துப் பிடித்தாள்.

"என்ன வடிவு?" என்றான் அவன்.

மறைக்கத் தெரியாமல் காட்டிவிட்டாள். அவன் வலைக்கு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல போட்டோவாத்தான் போட்டுருக்கானுவ" என்றான். அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தான், சிரித்ததில் தலைவலி கூடி மறுபடி படுத்தான்.

வடிவு தவசிக்கண்ணுவுக்குப் போன் போட்டு, அம்மன் கோயில் மைக்கைப் போடச் சொன்னாள். முத்துக்கரைக்கு இன்னொரு போன், அங்கே மாதா கோயில் மைக். நல்லூரணிக்குப் பஞ்சாயத்து மைக். மூன்று ஊரிலும் போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காவ" என்றாள்.

ஊர்களில் சலசலப்பு. "யாரு? எந்த வீட்டுக்காரர்?" என்று எங்கிருந்தோ ஒரு குரல். பேர் கேட்டே பழகிவிட்டவர்களுக்குப் பேர் வராத செய்தி செய்தியாகவே தோன்றவில்லை. வடிவு கட்டில் பக்கம் திரும்பினாள். வலைக்குள்ளிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லிரு வடிவு" என்றான்.

"குமரேசன்" என்றாள் அவள். ஒருதரம் வந்துவிட்டால் பிறகு கஷ்டமில்லை. "குமரேசன் நல்லா இருக்காவ. குமரேசன் இன்னைக்குக் கஞ்சி குடிச்சாவ. கொசு அவிய பேரைச் சொல்லலன்னா, கொசு அவியளக் கடிக்கலன்னு அர்த்தம், சாகலன்னு அர்த்தம். இனி அவிய பேரை நான் சொல்லுதேன், தினம் இதே நேரத்துக்கு, நீங்க கேளுங்க."

முத்துக்கரையில் ஒப்பாரி அப்படியே நின்றது. மைக் வழியாகக் கேட்ட அந்தப் பேரில் கடி இல்லை, ரத்தம் இல்லை, ஆனாலும் அது ஊர் தாண்டி வந்து எல்லோர் காதுக்குள்ளும் உட்கார்ந்தது. லூர்தம்மாள்தான் அதை முதலில் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே செலினுக்குப் போன் போட்டு, "யம்மா, நீ இனி கை நீட்ட வேண்டாம், இதுல உன் பேரச் சொல்லு, கேட்டுக்கிடுதேன்" என்றாளாம்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் மூன்று ஊரும் கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே கூடியது. வடிவும் லேசுப்பட்டவள் இல்லை. பேரை எடுத்த எடுப்பில் சொல்லமாட்டாள். முதலில் ஒரு வேலை சொல்லுவாள்: தேங்காய்ச் சிரட்டையைப் பொறுக்கிப் போடு, பழைய டயரை உள்ளே எடு, காய்ச்சல்காரரை வலைக்குள் போடு. அதற்குப் பிறகுதான் பேர். பேருக்காக நின்றவர்கள் வேலையையும் கேட்டார்கள், கேட்டதில் பாதியைச் செய்தார்கள். காய்ச்சல் கண்ட வீடுகளில் எல்லாம் வலை ஏறியது. "எங்க வீட்டுல படுத்தவன் பேரு ஒரு கொசு வாயிலயும் வரல, தெரியுமா?" என்று பெருமை பேச ஆரம்பித்தார்கள். ஆனால் ட்ரம்மைக் கவிழ்க்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊர்களில், நிறைந்த ட்ரம்மைக் கவிழ்க்கச் சொல்வது சோற்றை மண்ணில் கொட்டச் சொல்வதற்குச் சமம்.

குமரேசனுக்குக் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்தது. டாக்டரம்மா சொன்ன கண்டம் இனிமேல்தான் என்று வடிவு கட்டிலை விட்டு நகரவில்லை. காலையில் எடுத்த ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கியிருந்தன. அவன் பேசாமல் கிடந்தான், கூப்பிட்டால் 'ம்' என்றான், வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றான், வலியா என்று கேட்டால் தெரியவில்லை என்றான். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து சலைன் ஏற்றி, சாயங்காலம் வரை பார்ப்போம் என்றார். மத்தியானம் ஆனது. மூன்று ஊரும் காத்திருந்தது. வடிவு போனைக் கையில் எடுத்தாள். அன்றைக்கு அவள் வாயில் வேலை எதுவும் வரவில்லை.

"குமரேசன்..." என்று தொடங்கி நிறுத்தினாள். "இன்னைக்கு எனக்குத் தெரியல. கணக்குல இதுக்கு விடை இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

செந்தேரி அம்மன் கோயில் மைதானத்தில் கூடியிருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். போய்ப் பார்க்கக் கூடாது, கை நீட்டக் கூடாது, பேரைக்கூடக் கொசுவிடம் கேட்கக் கூடாது, பிறகு மனுஷன் என்னதான் செய்வான்? தவசிக்கண்ணு எழுந்து கடைக்கு நடந்து, வாசலில் நிறைத்து வைத்திருந்த நீல ட்ரம்மை இரண்டு கையாலும் பிடித்து ஒரே தள்ளாகக் கவிழ்த்தார். தண்ணீர் செம்மண்ணில் சளசளவென்று ஓடியது. பக்கத்து வீட்டில் ஒரு ட்ரம் கவிழ்ந்தது. பிறகு தெரு முழுக்கக் கவிழ்ந்தது. போன் வழியாக முத்துக்கரை கேட்டது, நல்லூரணி கேட்டது. மொட்டைமாடித் தொட்டி, மாட்டுத் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, மாதா சிலை இருக்கும் கெபிக்கு முன்னால் இருந்த பூஞ்சாடி, ஆசையாக வளர்த்த மணிபிளான்ட் பாட்டில், பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் தொட்டி என்று எதையும் விடாமல், நேர்த்திக்கடன் செலுத்துகிற மாதிரி, அழுதுகொண்டும் குமரேசனைக் கூப்பிட்டுக்கொண்டும் மூன்று ஊரும் தன்னிடமிருந்த தண்ணீரை எல்லாம் மண்ணுக்குக் கொடுத்தது. ஒரு சொட்டு மழை இல்லாமல் தெருவெல்லாம் ஈரமாகக் கிடந்தது.

சாயங்காலம் குமரேசன் கண்ணைத் திறந்து, "வீட்டுல கருவாடு இருக்கா?" என்று கேட்டான்.

வடிவு நம்பாமல் பார்த்தாள்.

"சீலாக் கருவாட்டச் சுட்டு, பழைய சோத்துல மோர ஊத்திக் குடு. கஞ்சி குடிச்சு நாக்கு செத்துப் போச்சு."

அடுத்த ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் ஏறத் தொடங்கியிருந்தன. டாக்டரம்மா கருவாட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மோருக்கு ஒத்துக்கொண்டார். வடிவு நேரங்கெட்ட நேரத்தில் மூன்று ஊருக்கும் போன் போட்டாள். மைக்கில் அவள் சொன்னது ஒரே வரி: "குமரேசன் கருவாடு கேக்காவ." மூன்று ஊரும் அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தது. மறுநாள் லூர்தம்மாள் கொடுத்தனுப்பிய கருவாடு ஒரு சாக்கு வந்து சேர்ந்தது, வீடு பத்து நாளைக்கு நாறியது, வடிவு அந்த நாற்றத்தை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் கவிழ்ந்த ஊர்களில் புதுக் கொசு பிறக்கவில்லை. அதன்பிறகு வாராவாரம் அதே கிழமையில் கவிழ்த்துக் காயவைத்து நிறைப்பதும் ஒரு பழக்கமாக நின்றுவிட்டது, தடுமாறிய நிச்சயதார்த்தம் அப்படி ஒரு நாளில்தான் நல்லபடியாக நடந்தது. காய்ச்சல் முதலில் முத்துக்கரையில் களைத்துப் படுத்தது, பிறகு செந்தேரியில், கடைசியாக நல்லூரணியில். எழுந்துகொள்ளவில்லை. ஊரில் பேர் கேட்பதும் குறைந்து குறைந்து, பிள்ளைகள் எப்போதாவது ஒரு கொசுவைக் கண்டால் துரத்திக்கொண்டு போய், "ஏ, என்ன பேரு சொல்லுது?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. வடிவு கரும்பலகையில் மூன்று வட்டத்தையும் மறுபடி போட்டு, அழித்த அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்த்தாள். இந்தத் தடவை கணக்கில் காய்ச்சல் அம்புக்குறியோடே அணைந்தது.

ஐப்பசியில் ஒருநாள் பச்சை மினி பஸ் கிளம்பியது. குமரேசன் மெலிந்துபோய், சட்டை தொளதொளக்க உட்கார்ந்திருந்தான். முன் சீட்டில் வடிவு. செந்தேரியில் தவசிக்கண்ணு டீயோடு நின்றார். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைக் கழற்றி, மறுபக்கத்தைத் திருப்பிக் கடைக்குக் கூரையாகக் கட்டியிருந்தார். அண்ணாந்து பார்த்தால் கூலிங்கிளாஸ் குமரேசன் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தான். முத்துக்கரையில் மாலை போட்டார்கள், வெடி போட்டார்கள், லூர்தம்மாள் வடிவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள். காய்ந்துபோன சிமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் குமரேசன் இறங்கி நின்று, ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டு, முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட மறந்தவனாக, வடிவின் அருகில் வந்தான்.

எங்கிருந்தோ ஒற்றைக் கொசு வந்தது. அவள் காதோரம் நின்று, முன்பு சொன்ன மாதிரியே, அவ்வளவு கிட்டத்தில், "குமரேசன்" என்றது.

வடிவு பட்டென்று அடித்தாள். கை விரித்துப் பார்த்தாள், உள்ளங்கையில் ஒரு புள்ளி ரத்தம்.

"என்ன வடிவு, எம்பேரத்தான சொல்லிச்சு?" என்றான் அவன்.

"நீங்கதான் இங்கன நிக்கியளே" என்றாள் அவள். உள்ளங்கையை அவன் சட்டையிலேயே துடைத்துவிட்டு, பொத்தானைப் போட்டுவிட்டாள்.